பிராதில் எழுதிய பெட்டி

ஆழத்துப் பிள்ளையார் துணை

விருத்தாசலம்
6-7-2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

சிவசங்கரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் யுவஸ்ரீயும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அண்ணனுக்கு இருமல் நின்றதா, சிவப்பு மாடு கன்று போட்டதா என்று ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாம் என்று தெருமுனைக்குப் போய் நின்று போன் செய்தால் எடுக்கிறீர்கள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஒரு வாரத்தில் ஆறு தடவை. குறித்து வைத்திருக்கிறேன்.

கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். ஆனால் நேரில் வந்து நிற்கும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குத் தாங்காது. அதனால் இந்தக் கடிதம்.

நடந்தது என் தவறு. போன ஞாயிறு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நீங்கள் வெண்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தீர்கள். மணி ஆறாயிற்று. விளக்கேற்றுமுன் வைஃபை மோடத்தை அணைப்பது என் மூன்று வருஷப் பழக்கம். விளக்கு எரிகிற முதல் அரை மணி நேரம் வீட்டில் டிவி, போன் எதுவும் கூடாது என்று வைத்திருக்கிறேன். கை தானாகப் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் அவள், “அம்மா, ஒரு சேதி, நான்...” என்று ஆரம்பிப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் போனுக்கு டவரும் எடுக்காது. நீங்கள் கோபத்தோடு பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்ந்ததும் வந்த முதல் போன் உங்கள் சம்பந்தியம்மாவுடையது. மகள் உண்டாகியிருக்கிற சேதியை அவர் வாயால் கேட்கும்படி ஆயிற்று. “பெத்தவளுக்கு முன்ன ஊருக்குத் தெரிஞ்சிபோச்சே” என்று நீங்கள் உங்கள் தம்பியிடம் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாளே மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் முருகனிடம் பிராது கட்டிவிட்டீர்களாம். குறையை எழுதிச் சந்நிதியில் கட்டினால் அவர் விசாரிப்பார், குறை தீர்ந்ததும் கட்டியவரே போய் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நானே எத்தனை பேருக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். நிலத்துக்கும் நகைக்கும் பிராது கட்டிப் பார்த்திருக்கிறேன். என் வீட்டு மோடத்தின் மேல் ஒரு பிராது விழும் என்று நினைக்கவில்லை. “அந்தப் பெட்டி அந்த வூட்ட வுட்டுப் போற வரைக்கும் சிவசங்கரிகிட்ட வாய் பேச மாட்டேன்” என்று எழுதினீர்கள் என்றார் உங்கள் தம்பி.

எழுத்தில் பதில் போட முருகன் அனுமதிப்பாரா என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
சிவசங்கரி


முருகன் துணை

கருவேப்பிலங்குறிச்சி
15-7-2025

சிவசங்கரிக்கு,

சந்திரலேகா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மாடு கிடேரிக் கன்று போட்டது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. உன் அண்ணன் இருமலை விடவில்லை, பீடியையும் விடவில்லை.

பிராதில் வாய் பேச மாட்டேன் என்றுதான் எழுதினேன். கையைப் பற்றி எழுதவில்லை. அதனால் பதில் போடுகிறேன். இதை நான் இறங்கி வந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் வெண்பாவுக்கு ஏழாம் மாதம். வேப்பூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முதல் வளையல் தாய்மாமன் பெண்டாட்டி போட வேண்டும் என்பது நம் வீட்டு முறை. அவளைப் பத்திரிகை கொடுத்தோ ஆள் அனுப்பியோ கூப்பிட முடியாது. பெண்ணைப் பெற்றவள் தாம்பூலத் தட்டோடு நின்று வாயைத் திறந்து கூப்பிட வேண்டும். என் வளைகாப்புக்கு என் அத்தையை அப்படிக் கூப்பிட மறந்ததற்கு அவர் ஏழு வருஷம் நம் வாசல் மிதிக்கவில்லை.

இப்போது என் வாய் கட்டிக் கிடக்கிறது. பெட்டி போகாமல் நான் கூப்பிட முடியாது. நான் கூப்பிடாமல் நீ வர முடியாது. நீ வராமல் அந்தப் பிள்ளை கைக்கு முதல் வளையல் ஏறாது. யோசித்துக்கொள்.

யுவஸ்ரீக்கு எந்தக் காலேஜ் கிடைத்தது? எழுது.

சந்திரலேகா


ஆழத்துப் பிள்ளையார் துணை

விருத்தாசலம்
3-8-2025, ஆடிப்பெருக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கன்றுக்குட்டி நன்றாகப் பால் குடிக்கிறதா? முழங்காலுக்கு நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஒற்றடம் கொடுங்கள்.

யுவஸ்ரீ திருச்சியில் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல். அதனால் பிராட்பேண்டுக் கணக்கை ஒன்றாம் தேதியோடு மூடிவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். உங்கள் தம்பி செராமிக் கம்பெனியில் நாள் முழுக்கக் கரண்டுக் கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டருக்குக் கிளேஸ் பூசிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு குறட்டை விடுகிறார். எனக்கு எதற்கு வைஃபை? மூன்று மணிக்கு நெட்டில் ஒரு தேவாரப் பண்ணிசை வகுப்பு இருந்தது. அந்த நேரத்தில் வத்தல் போட்டால் வீட்டுக்காவது ஆகும்.

கணக்கை மூடினால் பெட்டியும் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. முன் அறை மூலையில் விளக்கு எரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அது நமக்குச் சொந்தமில்லையாம். கம்பெனி நம்மிடம் கொடுத்துவைத்ததாம். பெட்டி, அதற்குக் கரண்டு கொடுக்கும் அடாப்டர், வயர் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும், ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று போனில் ஒரு பெண் சொன்னாள். எப்போது வருவார் என்றால், “உங்களத் தொடர்பு கொள்வாங்க மேடம்” என்கிறாள். நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் அதே வார்த்தை, அதே குரல்.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். “குடு, நாளைக்குச் சூளையில வெச்சி எரிச்சிடறேன்” என்றார். பிளாஸ்டிக் உருகி ஒரு லோடு இன்சுலேட்டரும் கெட்டால் முதலாளி இவரைத் தூக்கிச் சூளையில் வைத்துவிடுவார்.

கணக்கு மூடிய பெட்டி வெறும் டப்பாதானே அண்ணி? அதைப் போனதாக எடுத்துக்கொள்ள முடியாதா?

உங்கள் பதில் நல்லதாக வர வேண்டிக்கொண்டு,
சிவசங்கரி


முருகன் துணை

கருவேப்பிலங்குறிச்சி
12-8-2025

சிவசங்கரிக்கு,

இங்கு சுகம். நொச்சி ஒற்றடம் கேட்கிறது.

எடுத்துக்கொள்ள முடியாது. செத்தவனைக் கூடத்தில் கிடத்திவைத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல்கிறாயே. வாசற்படி தாண்ட வேண்டும்.

பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். கூடாது. கம்பெனிக்காரன் வந்து கேட்டால் மறுபடி உன் வீட்டுக்குத்தான் வரும். பரண் மேல் போடுவதும் கூடாது. பரணும் வீடுதான்.

யுவஸ்ரீக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். எப்படிக் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை.

பாட்டு வகுப்பை எதற்கு விட்டாய்?

சந்திரலேகா


ஆழத்துப் பிள்ளையார் துணை

விருத்தாசலம்
31-8-2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே சுகம். உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்பிய ஊறுகாய் கிடைத்தது. யுவஸ்ரீ பாட்டிலை ரூமில் ஒளித்துவைத்திருக்கிறாளாம்.

கம்பெனி ஆள் வந்தார். மாயவன் என்று பெயர். நல்ல மனிதர். மோர் கொடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்து, கீழே ஒட்டியிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, தெருமுனைக்குப் போய்ப் போனில் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறிவிட்டது. “இது உங்க பேர்ல இருக்கற பெட்டி இல்லம்மா” என்றார். “இது எங்க கணக்குலயே வரல. உங்க பெட்டி எங்க?”

எனக்குத் திருடி போலாகிவிட்டது. “இந்த வூட்டுல இருந்த பெட்டி இது ஒண்ணுதாங்க.”

“நம்பரு ஒத்துக்கலன்னா நான் எடுத்துக்கினு போவ முடியாதும்மா. என் தலையில வுழுந்துடும்.” மோருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசற்படி வரை அவர் கையில் போன பெட்டி திரும்பி வந்துவிட்டது அண்ணி. ஒரு காலை வெளியே வைத்திருந்தார். ஒரு காலுக்குக் கணக்கு உண்டா?

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 12-11-2024, செவ்வாய். இடி விழுந்து பழைய பெட்டி கருகியது. கருப்பன் என்ற லைன்மேன் எடுத்துப் போய் வேறு பெட்டி வைத்தார். இரண்டு பெட்டியின் நம்பரையும் எழுதி, பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் சிரித்தார்: “ஏம்மா, நெலமா எழுதி வாங்கற?” மாற்றியதை அவர் கம்பெனியில் பதியவில்லை. நான் பதிந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்கிறார்களாம்.

நடுவில் பழைய இரும்புக் கடைக்கும் போனேன். கடைக்காரர் கையை எடுத்துக் கும்பிட்டார். “கம்பெனிப் பொருளும்மா. வாங்க மாட்டேன். குப்பையிலயும் போடாதீங்க, உள்ள உங்க பேரு, பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும்.” பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதில் ஊக்கு நுனியை விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தினால் நம் விவரமெல்லாம் அழிந்துவிடும் என்றும் சொன்னார். கரண்டு கொடுத்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பத்துக்குப் பதில் இருபது எண்ணினேன்.

ஆவணி போய்விட்டால் புரட்டாசி, அப்புறம் ஐப்பசி. நாள் ஓடுகிறது. நான் விடவில்லை என்று மட்டும் நம்புங்கள்.

அன்புடன்,
சிவசங்கரி


வேப்பூர்
21-9-2025

அன்புள்ள அத்தைக்கு,

வெண்பா எழுதுகிறேன். நானும் வயிற்றில் இருக்கிற ஆளும் நலம். உதைக்கிறது. மாமா ஜாடை என்று அம்மா சொல்கிறார்கள், உதைப்பதை வைத்து.

மூன்று வாரமாக அம்மா உங்களுக்குப் பதில் போடவில்லை என்று தெரியும். கோபம் இல்லை அத்தை. போன வாரம் அங்கே போயிருந்தபோது பார்த்தேன், உங்கள் கடிதத்தை மடித்து அரிசிப் பானை மூடிமேல் வைத்திருக்கிறார்கள். அரிசி எடுக்கும்போதெல்லாம் படிக்கிறார்கள். “ஒரு காலுக்குக் கணக்கு உண்டான்னு கேக்கறா பாரு” என்று சிரித்தார்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லையாம். சாமியிடம் எழுதிக் கொடுத்த வார்த்தையை மீறவும் பயம். என் நாத்தனாரை முதல் வளையலுக்குக் கூப்பிடலாமா என்று என் மாமியார் கேட்டதற்கு, “மொத வளையலு போட ஆளு இருக்குது” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார்கள்.

யுவஸ்ரீ ஒன்று சொன்னாள். அவள் ஹாஸ்டலுக்குப் போனதற்கும் வைஃபை மூடியதற்கும் சம்பந்தமே இல்லையாமே. “சனிக்கெழம வூட்டுக்கு வந்தா நெட் இல்ல, அம்மா மூணு மணிக்குப் பாட்டு நோட்ட மடியில வெச்சிக்கினு சும்மா ஒக்காந்திருக்கறாங்க” என்று புலம்பினாள். அம்மாவிடம் சொல்லட்டுமா அத்தை?

உங்கள் கையால் முதல் வளையல் போடாவிட்டால் நான் கையை நீட்ட மாட்டேன். அது என் பிராது.

வெண்பா


ஆழத்துப் பிள்ளையார் துணை

விருத்தாசலம்
27-9-2025

அன்பு வெண்பாவுக்கு,

அத்தை எழுதுவது. இரவில் ஒருக்களித்துப் படு. பப்பாளி பக்கம் போகாதே. இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே.

அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் அது அவர் தலையில் பாரமாக ஏறும். அவர் எழுதிய பிராதுக்காக நான் ஒன்றை விட்டேன் என்றால், தான் கெடுத்துவிட்டதாக நினைப்பார். அவர் சந்தோஷமாக உன்னைப் பார்க்க வேண்டிய நேரம். எட்டாவதோடு நின்ற எனக்கு அறுபத்திரண்டு பாட்டு தெரியும். அவை எங்கேயும் போகவில்லை. அடுப்படியில் பாடிக்கொள்கிறேன். குக்கர் தாளம் போடுகிறது.

கை நீட்ட மாட்டேன் என்றெல்லாம் பேசாதே. நல்ல வார்த்தை சொல்.

அத்தை


முருகன் துணை

கருவேப்பிலங்குறிச்சி
8-10-2025

சிவசங்கரிக்கு,

இங்கு சுகம். உன் வீட்டில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா?

நேற்று ஆயுத பூஜைப் பொரி கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்டு உன் புருஷன் வந்தான். பையில் பொரி ஒரு படி. அதற்கடியில் அந்தப் பெட்டி. பூஜை முடிந்து ஆறு நாள் ஆகிறது. நமத்த பொரி.

“என்னாடா இது?”

“பெட்டிதாங்க்கா. அந்த வூட்ட வுட்டு வந்துடுச்சி. போன எடுத்து அவகிட்ட பேசு.”

“எங்க வூட்டுக்குக் கொண்டாரச் சொன்னேனா?”

“எங்க போவணும்னு நீ எழுதலியே. போவணும்னுதான எழுதன?”

மடக்கிவிட்டான். மூணு மாசமா ரெண்டு பொம்பளைக்கு நடுவில் அரைபட்டவன் வேறு எப்படிப் பேசுவான். காப்பி குடித்துவிட்டு, பெட்டியை என் டிவி மேல் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டான்.

இப்போது நீ சொல். நீ அறியாமல் போனது போனதாகுமா? முருகனிடம் போய், என் தம்பி பொரிக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்தான், குறை தீர்ந்தது என்று எப்படி ராஜினாமா எழுதுவேன்? நீயாக உன் கையால் விட்டால்தான் எனக்கு மனசு ஒப்பும்.

பெட்டிமேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் அதைப் பார்த்து, சாமிப் பெட்டி என்று நினைத்து விபூதி வைத்துவிட்டார்.

சந்திரலேகா


ஆழத்துப் பிள்ளையார் துணை

விருத்தாசலம்
13-10-2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முதலில் என் நன்றி. பெட்டியைக் காணாமல் நான் ஐந்து நாள் வீட்டைப் புரட்டிப் போட்டேன். கடைசியில் நானே கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுத உட்கார்ந்துவிட்டேன். “எடுத்தவர் யாராக இருந்தாலும் அவர் சோறு தின்னும் கை...” என்று எழுதிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். கிழித்துப் போட்டேன். உங்கள் தம்பி எதிரில் உட்கார்ந்து அதே கையால் இட்லி தின்றுகொண்டிருந்தார். “ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க” என்றேன்.

இப்போது கேளுங்கள். என் நோட்டுப் பக்கத்தைக் கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த நம்பர் என் பெயரில் ஏறிவிட்டது. இருபத்து நாலாம் தேதிக்குள் ஜங்ஷன் ரோடு கவுண்டரில் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். கணக்குக்கு உரியவர் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் பெட்டி உங்களிடம். அதை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மறுபடி வாசற்படி ஏறிவிடும். ஏறவே கூடாது. உங்கள் வீட்டிலிருந்து நேராகக் கவுண்டருக்கு வரட்டும். யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்தனுப்புங்கள், உங்கள் தம்பியைத் தவிர. நான் காகிதங்களோடு அங்கே நிற்கிறேன். என் கையால் கொடுக்கிறேன். அப்படிக் கொடுத்தால் உங்கள் மனசு ஒப்புமா?

பதிலை நாள் தள்ளாமல் போடுங்கள்.

சிவசங்கரி


(அஞ்சலட்டை)

கருவேப்பிலங்குறிச்சி
17-10-2025

சிவசங்கரிக்கு, சுகம். தீபாவளி முடிந்து வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நானே கொண்டுவருகிறேன். பேச மாட்டேன். சந்திரலேகா.


ஆழத்துப் பிள்ளையார் துணை

விருத்தாசலம்
26-10-2025, ஞாயிறு

அன்பு வெண்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீயும் குட்டியும் நலமாக இருக்கக் கந்தசஷ்டி விரதத்தில் ஐந்தாம் நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். சொல்லாதே என்று எழுதினேன். சொல்லியிருக்கிறாய். அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். கவுண்டரில் என்ன நடந்தது என்று நீ கேட்டாயாம். உன் அம்மா சொல்வதில் அவர் அழுத இடம் வராது. நான் அழுத இடம் மட்டும் பெரிதாக வரும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே போய்விட்டேன். பத்தரைக்கு உன் அம்மா வந்தார், தீபாவளிப் புடவையில், இடுப்பில் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் ஒரு பெரிய பையை அணைத்துக்கொண்டு. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

கவுண்டரில் கனகா என்று ஒரு பெண். “மோடம் யாரு கொண்டாந்தது?”

“நாந்தான். சொந்தக்காரங்க அதோ, அந்தப் பொம்பள” என்றார் உன் அம்மா.

“அடாப்டர் இருக்குதா?” என்று கனகா என்னிடம் கேட்டாள்.

“பை அவங்ககிட்டதாம்மா இருக்குது. அவங்களக் கேளுங்க.”

“இருக்குதுன்னு அந்தப் பொம்பளகிட்ட சொல்லுங்க.”

கனகா பேனாவை வைத்துவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?”

“ஆமா” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

“அப்பறம் ஏம்மா நடுவுல என்னப் போட்டு அரைக்கறீங்க?”

“பிராது கட்டியிருக்குதும்மா” என்றேன் நான்.

“யாருகிட்ட, கொளஞ்சியப்பர்கிட்டயா?” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அத மொதல்லயே சொல்றதுக்கென்ன. அப்படின்னா பேசக் கூடாதுதான். எங்கிட்டயே சொல்லுங்க, நான் சொல்லிடறேன்.” நம் ஊர்ப் பெண்.

பெட்டியை வெளியே எடுத்தாள். நம்பர் சரியாக இருந்தது. வயர் இருந்தது. அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னாம்மா இதுல, மஞ்சளா?”

உன் அம்மா சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

கனகா துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள். “கணக்கு மூடறதுக்குக் காரணம் போடணும். வேற கம்பெனிக்கு மாறறீங்களா, வூடு மாறறீங்களா, ஸ்பீடு பத்தலயா, இல்ல வேற காரணமா?”

“வேற காரணம். பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிடுச்சி.”

“பொய்யி, எழுதாதீங்க!” உன் அம்மா எழுந்துவிட்டார். கவுண்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “எங் கோவத்துக்காவ மூடினா. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பாட்டு வகுப்பு. எட்டாவதுக்கு மேல படிக்க வெக்காத அப்பன் வூட்டுல பொறந்து, பாட்டத் தானா எழுத்துக் கூட்டிக் கத்துக்கினு, தேடிப் புடிச்சிச் சேந்த வகுப்பு. அத வுட்டுட்டு மூணு மணிக்கு நோட்ட மடியில வெச்சிக்கினு ஒக்காந்திருக்கறாளாம். எனுக்கு ஒரு வார்த்த எழுதல. வத்தல் போடறேன்னு எழுதறா. அதப் போடுங்க காரணம்னு.” அழுதுவிட்டார். முந்தானையை எடுத்துக்கொண்டார். இது அவர் சொல்லாத இடம். குறித்துக்கொள்.

கனகாவின் கண்ணும் சரியில்லை. “அவ்வளவு பெருசா எழுத எடம் இல்லம்மா. ‘குடும்பக் காரணம்’னு போட்டுடறேன்” என்றாள். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுக்காமல் என் பக்கம் தள்ளினாள். “உங்க கையால குடுங்க. சாமி காரியம்.”

இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, உள்ளே ஒரு அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தி, ரசீதில் முத்திரை குத்தினாள்.

உன் அம்மா என் பக்கம் திரும்பினார். நாலு மாசமாகக் கட்டிக்கிடந்த வாய் என்ன சொல்லுமோ என்று ரசீதை மடித்துக்கொண்டே பார்த்தேன்.

“ஏன் புள்ள, இப்படி எளச்சிட்ட?”

நான் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன் வெண்பா. ஆடியில் தைத்த ஜாக்கெட்டே பிடிக்கிறது. இருந்தாலும் உண்மையாகவே இளைத்துப்போனவள்போல் அழுதேன்.

அப்புறம் அவர் பையின் அடியில் கையை விட்டார். பித்தளைத் தட்டு, வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், மூடி திறந்துகொண்ட மஞ்சள் டப்பா, பூ. எல்லாம் அந்தப் பெட்டிக்கடியில் பஸ்ஸில் வந்திருக்கிறது. பேச மாட்டேன் என்று அட்டை போட்ட கையால் எடுத்துவைத்தவை. கவுண்டர்மேலேயே தட்டைப் பரப்பி, எனக்குக் குங்குமம் வைத்து, முந்தானையைச் சரிசெய்து நின்றுகொண்டு சொன்னார்: “ஐப்பசி இருவத்துமூணு, ஞாயித்துக்கெழம, எம் பொண்ணுக்கு வளைகாப்பு. மொத வளையலு நீதான் போடணும். குடும்பத்தோட வந்துடணும்.”

“வரேன் அண்ணி” என்றேன். கனகாவுக்கும் பூ கிடைத்தது. பின்னால் நின்ற மூன்று பேருக்கும் வெற்றிலை கிடைத்தது. அவர்களில் ஒருவர் பில் கட்ட வந்தவர். அவரும் வளைகாப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் மாமியாரிடம் இலை ஒன்று கூட்டிப் போடச் சொல்.

கிளம்பும்போது உன் அம்மா நின்றார். “கனகா, இவ பேருக்குப் புதுசா ஒரு கனெக்சன் எழுதும்மா.”

“அண்ணி, பிராது!”

“பிராதுல எழுதனது அந்தப் பெட்டி. அது போயிடுச்சி. இது வேற பெட்டி. நீ சும்மா இரு.”

நாளை மறுநாள் ஆள் வந்து வைக்கிறார். புதன்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு.

ராஜினாமாவை இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், நாளைக்கு என்றால் சாமி தப்பாக நினைப்பார் என்று கையோடு ஆட்டோ பிடித்தார். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். கன்றுக்குட்டி, அண்ணனின் பீடி, சம்பந்தியம்மாவின் புது வளையல், நொச்சித் தழை கிடைக்காமல் அலைந்தது, நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் எந்த வரி பிடித்தது, எது பிடிக்கவில்லை. நாலு மாசப் பேச்சு. ஆட்டோக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். மணவாளநல்லூர் கோபுரம் தெரிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இடம் கிடைக்கவில்லை.

உன் கைக்கு வளையல் அளவு எழுதி அனுப்பு. வீங்கியிருந்தால் அதையும் எழுது.

உன் முதல் வளையலோடு வரப்போகிற,
சிவசங்கரி அத்தை